இரண்டு எண்ணெய்களின் தேசம்

நைஜீரியா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு கடிதம். "ஐயா, காலஞ்சென்ற ஒரு பிரமுகரின் பல கோடி டாலர் அந்நிய தேசத்துப் பாங்கி ஒன்றில் முடங்கிக் கிடக்கிறது. தாங்கள் சிறிது ஒத்தாசை செய்தால் பாதி தங்களுக்கு" என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதும் மோசடிக் கடிதம். இருபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஒரு தேசத்தைச் சில எத்தர்களைக் கொண்டு அளப்பது, வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் நம் தேசத்தைப் பாம்பாட்டிகளைக் கொண்டு அளந்ததற்குச் சமானம். ஆகவே அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடலாம்.

ஆனால், ஒதுக்கி வைக்குமுன் ஒரு விஷயம். அந்தப் பொய்க் கடிதத்துக்குள்ளே ஒரு சின்ன உண்மை ஒளிந்துகொண்டிருக்கிறது. 1993 முதல் 1998-ல் இறக்கும் வரையில் அந்தத் தேசத்தை ஆண்ட ராணுவத் தளபதி சானி அபாச்சாவின் பணம் மெய்யாகவே அந்நிய பாங்கிகளில் கிடந்தது. ஸ்விட்ஜர்லாந்து தேசம் மட்டும் முதலில் சுமார் 70 கோடி டாலரையும், பிறகு 2017-க்குப் பின் 32 கோடி டாலரையும் திருப்பிக் கொடுத்தது. ஒரு வீட்டில் அஞ்சறைப் பெட்டியிலிருந்து பத்து ரூபாய் காணாமற்போனால் அன்று மாலைக்குள் வீடே அமளிப்படுகிறது. ஒரு தேசத்தின் பெட்டியிலிருந்து கோடி கோடியாகப் போகும்போது வீட்டார் எப்படி அறியாமலிருந்தார்கள்?

அந்தப் பணம் அவர்கள் கையிலிருந்து போகவில்லை. பூமிக்கு அடியிலிருந்து வந்து, அவர்கள் கண்ணில் படாமலேயே போய்விட்டது. நைஜீரியாவின் கஷ்டங்களுக்கெல்லாம் இதுவே மூல காரணம் என்பது என் அபிப்பிராயம். நைஜீரிய ஜனங்கள் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. கேள்வி கேட்பதில் அவர்களுடைய பாட்டிமார்கள் சூரர்களாக இருந்தார்கள்.

1929-ம் வருஷம் நவம்பர் மாதம், கிழக்கு நைஜீரியாவில் இக்போ மக்கள் வாழும் ஓலோக்கோ என்னும் கிராமம். நுவான்யெருவா என்ற ஸ்திரீ தன் வீட்டு முற்றத்தில் செம்பனைப் பழத்தை நசுக்கி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் பாமாயில் என்று வழங்குகிறோமே, அந்த எண்ணெய்தான். அப்போது கணக்கெடுக்கும் ஆசாமி ஒருவர் வந்து, "உன் ஆடுகள் எத்தனை? வீட்டில் ஆட்கள் எத்தனை?" என்று கேட்டார். அவர் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். கணக்கெடுக்கும் வேலை உலகமெங்கும் ஆசிரியர் தலையில்தான் விடியும் போலும்! நுவான்யெருவா அவரை நிமிர்ந்து பார்த்து, அவருடைய தாயாரைக் கணக்கெடுத்தாயிற்றா என்று திருப்பிக் கேட்டாள். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாயிற்று.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், மூன்று வருஷத்துக்கு முன் ஆண்களை இதே மாதிரிதான் எண்ணிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. 1928-ல் அவர்கள் தலைக்கு வரி வந்து சேர்ந்தது. இப்போது நம்மை எண்ணுகிறார்கள் என்றால் நமக்கும் வரி என்றுதானே அர்த்தம்? பனையெண்ணெய் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. நுவான்யெருவா நேரே ஊர்ச் சந்தைக் கூட்டத்துக்குப் போய்ச் சேதியைச் சொன்னாள். கிராமம் கிராமமாகப் பனையோலை போயிற்று. எழுத்தில்லாத ஓலைதான், பெண்களைத் திரளச் சொல்வதற்கு அது போதுமாயிருந்தது.

அந்தப் பிரதேசத்துப் பெண்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓர் ஆண்மகன் அக்கிரமம் செய்தால் அவன் "மேல் உட்காருவது" என்று அதற்குப் பெயர். பயப்பட வேண்டாம், நிஜமாகவே உட்காருவதில்லை. கூட்டமாக அவன் வீட்டு வாசலுக்குப் போய், அவன் செய்த அநியாயத்தைப் பாட்டாகக் கட்டி இராப்பகலாகப் பாடுவார்கள், ஆடுவார்கள், உலக்கையால் சுவரை இடிப்பார்கள். அவன் மன்னிப்புக் கேட்கும் வரையில் விடமாட்டார்கள். இந்தத் தடவை அவர்கள் உட்கார்ந்தது பிரிட்டிஷ் துரைத்தனத்தார் நியமித்திருந்த ஊர்த்தலைவர் ஒக்குகோவின் மேல். அவருடைய அதிகாரத்துக்கு அடையாளமான தொப்பியைக் கழற்றிக் கொடுக்கும்படி கேட்டார்கள். தொப்பியும் போயிற்று, உத்தியோகமும் போயிற்று. இரண்டு வருஷம் சிறைவாசமும் கிடைத்தது.

கிளர்ச்சி அதோடு நிற்கவில்லை. ஆபா முதலிய பட்டணங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். துரைத்தனத்தாரின் நீதிமன்றங்களும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கிடங்குகளும் தாக்கப்பட்டன. டிசம்பரில் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட ஸ்திரீகள் மாண்டார்கள். ஆட்சியாளர் இதற்கு "ஆபா கலகம்" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பெயர் வைக்கும் அழகு நமக்குத் தெரியாததல்ல. 1857-க்கு அவர்கள் இட்ட பெயரையும் நாம் அறிவோம். இக்போ மக்கள் அதைப் "பெண்களின் யுத்தம்" என்றே இன்றளவும் சொல்லுகிறார்கள். பெண்களுக்கு வரி வரவில்லை. நியமனத் தலைவர்கள் முறையும் சில வருஷங்களில் ஒழிந்தது.

மேற்கே அபேயோகுட்டா பட்டணத்தில் அடுத்த தலைமுறைப் பெண்கள் இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். அங்கே பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் வரி இருந்தது. ஃபுன்மிலாயோ ரான்ஸம் குட்டி என்ற பள்ளிக்கூட ஆசிரியை, சந்தையில் விற்கும் எழுத்தறியாப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, கடைசியில் அவர்களுக்குத் தலைவியானார். அவருடைய கணவர் நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். ஆயிரக்கணக்கான பெண்கள் அரண்மனை வாசலில் உட்கார்ந்து பாடினார்கள். எங்கள் வரி எங்கே போயிற்று, ஆளும் சபையில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்பவைதான் அவர்கள் கேட்டவை. 1948-ல் பெண்கள் வரி நின்றது. 1949 ஜனவரியில் அரசரே சிங்காதனத்தை விட்டு விலகினார். இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிட்டார் என்பது வேறு விஷயம்!

வரி என்பது எப்போதும் கொடுமை என்று சொல்ல நான் வரவில்லை. மேற்குப் பிராந்தியத்தின் முதன்மந்திரியாக இருந்த ஓபாஃபெமி அவொலொவோ 1955-ல் குழந்தைகள் அனைவருக்கும் இலவச ஆரம்பக் கல்வி அளித்தார். அதற்குக் கொக்கோப் பணமும் வேண்டியிருந்தது. ஜனங்கள் கொடுத்த வரியும் வேண்டியிருந்தது. வரி கூட்டப்பட்டதால் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 1954 தேர்தலில் அவர் கட்சியைத் தோற்கடிக்கவும் செய்தார்கள். பள்ளிக்கூடம் கண்ணெதிரே எழும்பிய பிறகு, 1956-ல் அதே கட்சிக்கு ஜயம் கொடுத்தார்கள். கொடுத்ததையும் வந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பிரஜைகள் அவர்கள்.

அதே 1956-ம் வருஷத்தில்தான் நைஜர் நதி கடலில் கலக்கும் டெல்டாப் பிரதேசத்தில், ஓலொய்பிரி என்ற சிற்றூரில், வேறோர் எண்ணெய் கிடைத்தது. 1958-ல் முதல் கப்பல் பெட்ரோலிய எண்ணெயுடன் புறப்பட்டது. 1960 அக்டோபர் 1-ந் தேதி சுதந்திரம். பிறகு ராணுவப் புரட்சிகள். பிறகு 1967 முதல் 1970 வரை பயாஃப்ரா யுத்தம். பத்து லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள், பெரும்பாலும் பட்டினியால். அந்தச் சோகத்தைச் சில வரிகளில் சொல்வது அபசாரம். அது தனியாக எழுத வேண்டிய கதை. யுத்தம் முடிந்தபோது பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்த காலத்தில் ஒரு பிராந்தியத்தில் எடுத்த கனிப்பொருளின் வருமானத்தில் பாதி அந்தப் பிராந்தியத்துக்கே சேர்ந்தது. ராணுவ ஆட்சியில் அது தேய்ந்து தேய்ந்து நூற்றுக்கு ஒன்றரையாயிற்று. 1999 அரசியல் சட்டத்தில்தான் பதின்மூன்றாக உயர்ந்தது. மீதியெல்லாம் தலைநகரில் சேர்ந்தது. பிராந்தியங்களும், பின்னால் வந்த 36 மாகாணங்களும், மாதாமாதம் தலைநகரத்துக்குப் போய்ப் பங்கு வாங்கிவரும் பழக்கத்துக்கு ஆளாயின. வரி கேட்டு ஜனங்களின் வாசலுக்கு வரவேண்டிய அவசியம் சர்க்காருக்கு இல்லாமற் போய்விட்டது. அவ்விதம் வந்தால்தானே அவர்கள் திருப்பிக் கேட்க முடியும்?

கேட்பாரற்ற பணம் எப்படிச் செலவாகும் என்பதற்கு ஒரு சிமெண்டுக் கதை இருக்கிறது. 1975-ல் நைஜீரிய ராணுவ சர்க்கார் உலகமெங்கும் சுமார் இரண்டு கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்தது. லாகோஸ் துறைமுகத்தில் ஒரு வருஷத்துக்கு இறக்கக்கூடியதோ சுமார் பத்து லட்சம் டன். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் நங்கூரம் பாய்ச்சிக் காத்துக்கிடந்தன. காத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சர்க்கார் அபராதக் கட்டணம் கொடுத்தது. ஓட்டை உடைசலான கப்பல்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சிமெண்டு ஏற்றி அனுப்பி, நிற்கும் கூலியிலேயே லாபம் பார்த்த புத்திசாலிகளும் உண்டு. கடல் காற்றில் சிமெண்டு கல்லாயிற்று!

எண்ணெய் எடுத்த ஊருக்கு என்ன கிடைத்தது? ஒகோனி மக்களின் நிலமும் நீரும் எண்ணெய்க் கசிவால் பாழாயின. இதைக் கேட்ட எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் எட்டுத் தோழர்களையும் அபாச்சாவின் சர்க்கார் 1995 நவம்பர் 10-ந் தேதி தூக்கிலிட்டது. 2011-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறப் பாதுகாப்பு ஸ்தாபனம் அங்கே ஒரு கிராமத்தார் குடிக்கும் கிணற்று நீரைச் சோதித்தது. பென்ஸீன் என்னும் விஷப்பொருள் அனுமதிக்கத்தக்க அளவுக்கு 900 மடங்குக்கு மேல் இருந்தது. 2025 ஜூனில் அந்த ஒன்பது பேருக்கும் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு என்று அவர்களைச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இனி அன்றாட வாழ்க்கை. மின்சாரம் வழங்கிய பழைய சர்க்கார் ஸ்தாபனத்தின் பெயர் எழுத்துக்களுக்கு, "மின்சாரத்தை ஒருபோதும் எதிர்பாராதே" என்று ஜனங்கள் வியாக்கியானம் செய்துகொண்டார்கள். 2024-ல் தேசம் முழுவதற்குமான மின்சாரக் கட்டுக்கோப்பு பத்துத் தடவைக்கு மேல் நிலைகுலைந்தது. வசதியுள்ளவர் வீட்டில் சொந்த ஜெனரேட்டர், சொந்த ஆழ்குழாய்க் கிணறு, சொந்தக் காவற்காரன். கடைக்காரரும் தையற்காரரும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். ஆகவே அங்கே பெட்ரோல் விலை என்பது மோட்டார்க்காரர்களின் கவலை மட்டுமல்ல. அடுப்பிலே உலை ஏறுமா என்ற கவலை.

பூமி நிறைய எண்ணெய் இருந்தும், சர்க்காரின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளும் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்ததால், பெட்ரோலை அந்நிய தேசத்திலிருந்து வாங்கினார்கள். அதைக் குறைந்த விலைக்கு விற்கச் சர்க்கார் மானியம் கொடுத்தது. பொருளாதார நிபுணர்கள் இதைப் பலமாகக் கண்டித்தார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் எண்ணெய்ச் செல்வத்திலிருந்து ஏழையின் கைக்கு வந்த ஒரே காசு அதுதான் என்பதும் சரி. 2012 ஜனவரியில் மானியத்தை எடுத்தபோது விலை 65 நைராவிலிருந்து 141-க்குத் தாவியது. தேசமே வேலை நிறுத்தம் செய்தது. விலை 97-க்கு இறங்கியது. மானியத்தின் பெயரால் சுமார் 680 கோடி டாலர் மோசடி என்று சட்டசபைக் கமிட்டி ஒன்று கண்டுபிடித்தது. அந்தக் கமிட்டியின் தலைவர், குற்றப் பட்டியலிலிருந்து ஒரு கம்பெனியின் பெயரை நீக்க லஞ்சம் வாங்கியதாகப் பிடிபட்டு, 2021-ல் தண்டனை பெற்றார். இதைக் கதையில் எழுதினால் பத்திராதிபர் "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

2023 மே 29-ந் தேதி பதவியேற்ற ஜனாதிபதி போலா டினுபு அன்றைக்கே மானியம் போய்விட்டதாக அறிவித்தார். 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500-ஐ எட்டி, 2024 முடிவதற்குள் ஆயிரத்தைத் தொட்டது. ஒரு டாலருக்கு 460 நைரா என்றிருந்தது ஒரு வருஷத்துக்குள் 1500 ஆயிற்று. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 30,000-லிருந்து 70,000 நைராவாக உயர்த்தினார்கள். பெயருக்கு உயர்வு, அரிசிக்கடையில் தாழ்வு. லாகோஸ் அருகே தொழிலதிபர் டாங்கோட்டே கட்டிய, ஆப்பிரிக்காவிலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலை 2024 செப்டம்பரில் பெட்ரோல் தரத் தொடங்கியது நல்ல சமாசாரம்தான். சர்க்கார் ஆலைகள் செய்யாததைத் தனி மனிதரின் ஆலை செய்ததே என்று சந்தோஷப்படுவதா, வருந்துவதா என்பதுதான் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் பசி தாங்காத ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். 24 பேராவது மாண்டதாக அம்னெஸ்டி ஸ்தாபனம் அறிவித்தது. நவம்பரில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி எழுபதுக்கு மேற்பட்டவர்களைத் தலைநகர நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சுமார் முப்பது பேர் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர்கள். சிலர் பல நாள் பட்டினியால் நீதிபதியின் முன்னிலையிலேயே சுருண்டு விழுந்தார்கள். பதினான்கு வயதில் பையன்கள் எப்படியிருப்பார்கள் என்பது வகுப்பறையில் காலம் கழிக்கும் எனக்குத் தெரியும். ராஜத்துரோகம் என்ற சொல்லைப் பிழையின்றி எழுதுவதே அவர்களுக்குக் கஷ்டம். தேசமெங்கும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு ஜனாதிபதி அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார்.

எண்ணெய்ப் பணம் முன்போல் போதவில்லை. ஆகவே சர்க்கார் கணக்குப் புத்தகத்துடன் மறுபடியும் வாசலுக்கு வருகிறது. 2025 ஜூனில் கையெழுத்தான நான்கு புதிய வரிச் சட்டங்கள் 2026 ஜனவரி 1 முதல் அமலாகும்படி விதிக்கப்பட்டன. வருஷத்துக்கு எட்டு லட்சம் நைராவுக்கு மேற்படாத வருமானக்காரருக்கு வருமான வரி கிடையாது. பல நண்பர்கள் இதைக் கொடுமை மேல் கொடுமை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபது வருஷமாக அறுந்து கிடந்த ஒரு பேச்சு இதனால் மீண்டும் தொடங்கலாம். 1960-களின் ஆரம்பம் வரையில் உலகத்துக்கெல்லாம் பனையெண்ணெய் அனுப்பிய தேசம், பிறகு அதையும் இறக்குமதி செய்யத் தொடங்கியது எப்படி என்பதில் ஆரம்பித்துக் கேட்க வேண்டியவை எத்தனையோ உண்டு.

லாகோஸ் நகரத்துச் சந்தைக்காரிகளும் பஸ் டிரைவர்களும் வரி கொடுக்காதவர்கள் என்று எண்ண வேண்டாம். சந்தைக்கென்றும், பஸ் நிறுத்தும் இடத்துக்கென்றும், சங்கத்துக்கென்றும் தினந்தோறும் யாராவது தடியர்கள் வந்து வசூலித்துக்கொண்டுதான் போகிறார்கள். பெரும்பாலும் ரசீது கிடையாது. புதிய சட்டத்தின்படி வசூலுக்கு வருகிறவர்களிடம் முதலில் ரசீது கேட்கப் போகிறவர்கள் இந்தச் சந்தைக்காரிகள்தான் என்று எனக்குப் படுகிறது.