கைதி நெ. 81-ஏ
1942-ம் வருஷம் பிப்ரவரியில் ஜப்பானிய விமானங்கள் ‘கிராஸ்ஹாப்பர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைக் குண்டு வீசிச் சிதைத்தன. அதனுள் சிக்கிக் கிடந்த ஜூடி என்னும் பெண் நாயை மாலுமியொருவர் மீட்டார். மாலுமிகளோடு அதுவும் கைதியாகி, ஸுமத்ராத் தீவின் மேடான் முகாமை அடைந்தது.

ஆகஸ்டு மாதம் அங்கு வந்த விமானப் படை வீரர் பிராங்க் வில்லியம்ஸ், தம் பங்குச் சோற்றை அதற்கு நீட்டினார். எலும்புந் தோலுமாயிருந்த அந்நாய் பாய்ந்து தின்னவில்லை, முனகியவண்ணம் நின்றது. தலையைத் தடவிக் கொடுத்த பின்னரே வாய் வைத்தது. அடிபட்ட பிராணிக்குச் சோற்றினும் அபயமே பெரிது போலும்! அன்றுமுதல் அவரைவிட்டு அது அகலவில்லை.

காவலர் சுட்டுவிடுவரோ என்று வில்லியம்ஸ் அஞ்சினார். முகாம் அதிகாரி மதுமயக்கத்திலிருந்த சமயம் பார்த்து, குட்டியொன்று தருவதாகச் சொல்லி, ஜூடியையும் யுத்தக் கைதியாகப் பதிவு செய்வித்தார்.

விடுதலைக்குப் பின்பும் இருவரும் பிரியவில்லை. 1950-ல் அன்றைய டாங்கனிகாவில் ஜூடி இறந்தபோது, விமானப் படைச் சட்டையில் சுற்றியே அதனை அடக்கஞ் செய்தார்.