ஷைலாக் வேடம் யாருக்கு உரியது?

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையை அடுத்த செமிலிங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று, தன் ஆண்டு விழாவில் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை நாடகமாக நடத்த எண்ணுகிறது என்று கொள்வோம். சோழ மன்னன் வேடத்துக்குப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் வேடத்துக்கு யார் முன்வருவார்? தோற்றவன் வேடம்தானே என்று, கூப்பிட்ட குரலுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாத பிள்ளையின் தலையில் அதைக் கட்டிவிடுவது எளிது. பெரிய மீசையை ஒட்டி, விழியை உருட்டச் சொல்லிக் கோமாளியாக்கிவிட்டால் கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மன்னன் ஆண்ட மண்ணிலேயே பள்ளிக்கூடம் நிற்கிறது. இந்த மண்ணைத் தங்கள் மூதாதையர் மண் எனப் போற்றும் மலாய்ப் பெருமக்கள் முன்வரிசையில் விருந்தினராக அமர்ந்திருப்பார்கள். ஆசிரியர் என்ன செய்வார்?

ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எழும் இந்தச் சிக்கல் உலக நாடக அரங்கிலும் நெடுங்காலமாக இருந்து வருவதாகும். ஓர் இனத்தாரின் வேடத்தை மற்றோர் இனத்தார் புனையலாமா? புனைந்தால் எப்படிப் புனைய வேண்டும்? மேலை நாடுகளில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது யூதர் வேடங்களைப் பற்றியே. அவ்வரலாற்றை அறிந்துகொள்வது தமிழாசிரியர்க்கும் பயன் தரும்.

தமிழ் மேடையில் யூதன்

ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் வரும் ஷைலாக், கடனுக்கு ஈடாக ஒரு இராத்தல் சதை கேட்டவன். உலக இலக்கியத்தில் இவனைவிடப் பெயர்பெற்ற யூதப் பாத்திரம் அரிது. பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை வாணீபுர வணிகன் என்னும் பெயரில் தமிழாக்கினார். 1940களின் தொடக்கத்தில் ஷைலாக் என்ற பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் வந்தது. செருகளத்தூர் சாமா அதில் நடித்தார்.

இந்த முயற்சிகளில் யூதர் எவரையும் தேடிப்பிடித்து நடிக்க வைக்க வேண்டுமென்ற எண்ணமே எழவில்லை. எழுவதற்குக் காரணமும் இல்லை. கொச்சியைத் தவிர, தென்னகத்தில் யூதரைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலர். தமிழ்ப் பார்வையாளர் ஷைலாக்கிடம் கண்டது தமக்குத் தெரிந்த வட்டிக்கொடுமையை மட்டுமே. எனினும் அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. யூதரைக் கண்டறியாத மக்கள் நடுவே, இரக்கமற்ற கடன்காரனுக்கு ஒரு யூதன் பெயரே அடைமொழியாக நிலைத்துவிட்டது.

மலேசியத் தமிழர்க்கு யூதர் அத்துணைத் தொலைவானவரும் அல்லர். கெடாவை அடுத்த பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரில், யஹூடி சாலை என்றே ஒரு சாலை இருந்தது. இன்று அதன் பெயர் ஜாலான் ஜைனல் அபிடின். அதன் அருகே யூதர் இடுகாடு இன்றும் உள்ளது. பினாங்கின் கடைசி யூதர் எனக் கருதப்படுபவர் 2011ஆம் ஆண்டில் காலமானார். ஷைலாக்கின் இனத்தார் இங்கே வணிகராகவும் அண்டை வீட்டாராகவும் வாழ்ந்து மறைந்திருக்கின்றனர்.

சிவப்புப் பொய்முடி

இங்கிலாந்தில் ஷைலாக் வேடம் நெடுங்காலம் சிவப்புப் பொய்முடியும் வளைந்த ஒட்டு மூக்குமாக, பார்த்தவர் சிரிக்கவும் வெறுக்கவும் ஏற்றதாக அமைந்திருந்தது என்பது மரபுச் செய்தி. 1814ஆம் ஆண்டில் எட்மண்ட் கீன் என்னும் நடிகர் அந்தச் சிவப்பு முடியைக் களைந்துவிட்டுக் கரிய முடியுடன் இலண்டன் மேடையில் தோன்றினார். கோமாளியாக இருந்த ஷைலாக் அன்று அவமதிப்பால் கொதித்த மனிதனானான். கீன் யூதர் அல்லர் என்பது இங்கே கருதத்தக்கது.

1903ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வேறோர் புதுமை நிகழ்ந்தது. யூத நடிகர் ஜேக்கப் ஆட்லர், உடன் நடித்த அனைவரும் ஆங்கிலத்தில் பேச, தாம் மட்டும் யூதர் வீட்டுமொழியான இத்திஷில் பேசி ஷைலாக்காக நடித்தார். அந்நிய மொழி பேசும் ஒருவன் அறமன்றத்தில் தனியனாக நிற்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். இவ்வகை நுட்பம் அந்த இனத்தில் பிறந்து வளர்ந்தவரிடமிருந்து இயல்பாகப் பிறக்கும்.

இவற்றுக்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. நாஜி ஆட்சியில், 1933 முதல், யூதக் கலைஞர் செருமானிய அரங்குகளிலிருந்து துரத்தப்பட்டனர். 1940இல் வெளிவந்த யூத சூஸ் என்னும் வெறுப்புப் படத்தில், வெர்னர் கிரவுஸ் என்னும் புகழ்பெற்ற செருமானிய நடிகர் ஒருவரே பல யூத வேடங்களைப் புனைந்தார். 1943இல் வியன்னாவின் பர்க் அரங்கில் அவரே ஷைலாக்காக நடித்தார். வெளியே யூதர் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. யூதனை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, அவனுடைய வேடத்தை மட்டும் மேடையேற்றி நகைத்தார்கள். யூத வேடம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யூதர் மனம் பதறுவதற்கு இந்நினைவு ஒரு பெருங்காரணம்.

போர் முடிந்து மூன்றாண்டுகள் கழித்து, 1948இல் ஆலிவர் டுவிஸ்ட் படத்தில் அலெக் கின்னஸ் பெரிய ஒட்டு மூக்குடன் ஃபேகின் என்னும் யூதத் திருடனாகத் தோன்றினார். 1949இல் பெர்லினில் அப்படத்தை எதிர்த்துக் கலகம் மூண்டது. அமெரிக்காவில் 1951 வரை படம் திரைக்கு வரவில்லை. அதே கின்னஸ் 1984இல் ஏ பாஸேஜ் டு இந்தியா படத்தில் காட்போலே என்னும் இந்தியப் பேராசிரியராக நடித்தார். அந்த வேடத்தைக் கண்டு நெளிந்த இந்தியர், ஃபேகினைக் கண்ட யூதரின் மனநிலையைச் சிறிதேனும் உணர்ந்திருப்பர்.

இரு தரப்பு வாதங்கள்

அண்மைக்காலத்தில் இவ்விவாதம் மீண்டும் எழுந்தது. இசுரேலியப் பிரதமராக இருந்த கோல்டா மேயரின் வேடத்தை யூதரல்லாத ஹெலன் மிர்ரன் ஏற்றதை, யூத நடிகை மொரீன் லிப்மன் 2022இல் கண்டித்தார். அந்தப் படத்தை இயக்கியவரோ கை நட்டிவ் என்னும் இசுரேலியர். 2023இல், இசைமேதை லெனார்ட் பெர்ன்ஸ்டைனாக நடிக்க பிராட்லி கூப்பர் ஒட்டு மூக்கு அணிந்ததும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆனால் பெர்ன்ஸ்டைனின் மக்களே கூப்பருக்குத் துணை நின்றனர். யூதருக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை என்பது இவற்றால் புலனாகும்.

ஒரு தரப்பார் கூறுவது இது: மற்றச் சிறுபான்மையினர் வேடங்களுக்கு அவ்வவ்வினத்தாரையே தேடும் இக்காலத்தில், யூதர்க்கு மட்டும் ஏன் அந்த முறை இல்லை? பிறர் நடித்தால் மூக்கும் கையசைப்புமே யூதத்தன்மை ஆகிவிடுகின்றன. மறுதரப்பார் கூறுவது: நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவனாக மாறுவது. பிறப்பைக் கேட்டு வேடம் கொடுத்தால், யூத நடிகரும் யூத வேடத்துக்குள்ளேயே அடைபட்டுப் போவார். மேலும், ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் அவருடைய இனத்தை விசாரிப்பது யூதர் வரலாற்றில் நற்சகுனமாக ஒருபோதும் இருந்ததில்லை.

இந்தியத் திரையில் யூதக் கலைஞர்

மறுதரப்பின் வாதத்துக்கு இந்தியத் திரை வரலாறு வலுவான சான்றாகிறது. பேசாப்பட காலத்தில் நட்சத்திரமாக ஒளிவீசிய சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். அவர் யூதப் பெண்மணி. 1928இல் அனார்கலியாக நடித்துப் புகழ் பெற்றார். பின்னர் 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதையும் பெற்றார். 1952இல் ஆன் படத்தில் செருக்குமிகுந்த இளவரசியாக நடித்த நாதிராவும் யூதரே. 1954இல் பூட் பாலிஷ் படத்தில் ஜான் சாச்சா என்னும் முதியவராக வந்து மக்களை உருக வைத்த டேவிட்டும் யூதரே. யூதர் யூத வேடமே புனையலாம் என்று விதி இருந்திருந்தால் இவர்களுக்கு வாழ்வே இருந்திராது.

1958இல் பிமல் ராய் யஹூதி என்னும் படத்தை எடுத்தார். அதில் மகனைப் பறிகொடுத்த யூத முதியவராக நடித்த சோராப் மோடி ஒரு பார்சி. அவ்வேடத்தில் இகழ்ச்சி இல்லை. துயரமும் பெருமிதமுமே இருந்தன. யூதருக்கு அரங்கின் கதவு திறந்திருந்த நாட்டில், யூத வேடத்தை ஒரு பார்சி புனைந்ததை யாரும் குறையாகக் கொள்ளவில்லை.

ஆண் நடித்த பெண்

தமிழ் மரபும் வேடத்தைப் பிறப்போடு கட்டிவைக்கவில்லை. சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடிய கொட்டிச்சேதத்தைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. உமையும் சிவனும் ஒருடலாகிய கோலத்தை ஒரே கூத்தன் ஆடிக்காட்டுகிறான். பிற்காலத்தில், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களை ஆடவரே ஏற்றனர். ரங்கவடிவேலு அவற்றில் பெயர்பெற்றார். தி. க. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் ஔவை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார்.

அக்காலத்தில் ஆடவர் பெண் வேடம் புனைந்ததற்குக் கலைத்திறம் மட்டுமே காரணம் அன்று. குடும்பப் பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் இழிவாகக் கருதியதும் காரணமாகும். அந்தத் தடை தளர்ந்தபோது கலை வளர்ந்ததே அன்றிக் குன்றவில்லை. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார். 1953இல் அவரே ஔவையாராகத் திரையில் தோன்றினார். சண்முகத்தின் ஔவையையும் சுந்தராம்பாளின் ஔவையையும் தமிழர் ஒருங்கே போற்றினர். ஆடவர் பெண்ணாக நடித்தது குற்றமாக இருந்ததில்லை. பெண்ணுக்கு வழி அடைக்கப்பட்டிருந்ததே குறை.

தோட்டத்துத் தமிழனாக நடித்தவர் யார்?

மலேசியத் தமிழர்க்கு இக்கேள்வி 2016இல் மிக அருகில் வந்தது. பா. ரஞ்சித் இயக்கிய கபாலி படத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வழிவந்த மலேசியத் தமிழராக ரஜினிகாந்த் நடித்தார். அவர் பெங்களூரில் மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மனைவி வேடத்தில் நடித்த ராதிகா ஆப்தேயும் மராத்தியக் குடும்பத்தவர். ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த மக்களின் கதை உலகெங்கும் பேசப்பட்டது என்று மகிழ்ந்தவர் பலர். பேச்சின் ஓசை தங்கள் ஊர் ஓசையாக இல்லையே என்று குறைப்பட்டவரும் உண்டு.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2015 இறுதியில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ஜகாட் வெளிவந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் 1990களின் தொடக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாட்டை, மலேசிய நடிகர்களே மலேசியத் தமிழில் பேசி நடித்தனர். 2016இல் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தது. அதே விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்க முதலில் செய்த ஏற்பாடு கடும் எதிர்ப்புக்கு உள்ளானது என்பதும் நினைவிற்குரியது. கபாலியில் வெளியூரார் நடித்தது ஒரு தவறன்று. உள்ளூரார் நடித்த ஜகாட்டுக்கும் வாயில் திறந்திருக்க வேண்டும் என்பதே வேண்டற்பாலது.

இரண்டு கேள்விகள்

மேற்கூறியவற்றிலிருந்து ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க கேள்விகள் இரண்டு கிடைக்கின்றன. வேடம் ஒரு மனிதனைக் காட்டுகிறதா, அன்றி ஓர் இனத்தைக் காட்டி நகைக்கிறதா? அவ்வினத்தார் அரங்கேற வழி உண்டா, இல்லையா? இரண்டுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின் நடிப்பவரின் பிறப்பைத் துருவ வேண்டுவதில்லை. எட்மண்ட் கீனும் சோராப் மோடியும் இதற்குச் சான்று. இரண்டுக்கும் தீய விடையே கிடைக்குமாயின் எத்துணைத் திறமையும் அதைக் காக்காது. வியன்னாவில் நடித்த கிரவுஸ் பெருந்திறமை வாய்ந்தவரே.

இனி, செமிலிங் பள்ளி மேடைக்கு வரலாம். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கடாரத்து மன்னன் யானைகளோடு பிடிபட்டதை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறுகிறது. ஆனால் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பு, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்மன் பெயரால் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினர். அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இதனை இன்று லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆவணம் தெரிவிக்கிறது. எனவே நாடகத்தில் வரும் கடாரத்தான், தந்தைக்கு நண்பராக இருந்தோர் மரபில் வந்து மகனுக்குப் பகைவனானவன். இச்செய்தியை அறிந்த ஆசிரியர் அவனைக் கோமாளியாக்க மாட்டார். அவனுக்கும் நான்கு வரி நல்ல வசனம் எழுதுவார். மெர்போக் புக்கிட் பத்து பகாட்டில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்றால், அவ்வேடத்துக்கும் போட்டி எழும்.

வகுப்பில் மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ இருந்தால், கடாரத்து மன்னன் வேடம் உனக்கு என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. நன்றாகத் தமிழ் பேசி நடிக்கும் பிள்ளை அவர்களுள் இருந்தால், இராசேந்திரனாகவும் நடிக்கட்டும். கடாரத்து மன்னனாக ஒரு தோட்டத்துப் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கட்டும். முன்வரிசையில் இருப்போர் எல்லோரும் கைதட்டுவார்கள்.