வேனுக்கு உயரமான ஷெட் போடப் போறீங்களா? முதல்ல மேலே பாருங்க

குடும்பத்தோட ஊர் சுற்ற கேரவன் வாங்கியவர்களுக்கும், சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும் வண்டியை வெயில் மழையில் விடாமல் நிறுத்துவது ஒரு கவலைதான். காருக்குப் போடும் எட்டடி தகர ஷெட் இதற்குப் பத்தாது.

முதலில் வண்டியின் உயரத்தை அளந்துடுங்க. ஆர்.சி. புத்தகத்தையோ விளம்பரத் தாளையோ நம்ப வேண்டாம். மேலே உள்ள ஏ.சி. பெட்டி, கேரியர் எல்லாம் சேர்த்து, டயரில் முழுக் காற்று இருக்கும்போது அளக்க வேண்டும். கேட்டில் சரிவு ஏறும்போது வண்டியின் முன்பகுதி தூக்கும். அதனால் பத்தடி வண்டிக்குக் கூரையின் தாழ்ந்த பக்கமே 12 அடி வேண்டும். தண்ணீர் வடிய சரிவு கொடுத்தால் உச்சி 13 அடியைத் தொட்டுவிடும். அது கிட்டத்தட்ட 4 மீட்டர்.

இங்கேதான் மின்கம்பி குறுக்கே வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிப்படி, வீட்டு இணைப்புக்கான சாதாரணக் கம்பி கூரைக்கு மேலே போனால் உச்சியிலிருந்து 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்தில் போனால் 1.2 மீட்டர், அதாவது நாலடி. 11 கிலோவோல்ட் உயர் அழுத்தக் கம்பிக்கு மேலே 3.7 மீட்டர், பக்கத்தில் அதே 1.2 மீட்டர். தெருவை ஒட்டிப் போகும் சாதாரணக் கம்பி தரையிலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருந்தாலே போதும் என்பதும் விதிதான். அதில் 4 மீட்டரைக் கழிச்சுப் பாருங்க. மிஞ்சுவது ஒன்றரை மீட்டர், வேண்டியதோ இரண்டரை! அப்படியானால் ஷெட்டைத் தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் கம்பியை இடம் மாற்றக் கேட்க வேண்டும்.

ஷெட் முடிந்த பிறகு வரும் ஆபத்தைவிட, போடும் அன்றைக்கு வருவதுதான் பெரிது. இரும்பு பைப் கடையில் 20 அடி நீளத்தில் வரும். 5.5 மீட்டர் என்பது 18 அடி. அந்த பைப்பை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தாலே கம்பியில் பட்டுவிடும். எனவே பக்கத்தில் கம்பி இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்க. கம்பியின் உயரத்தையும் குச்சியோ டேப்போ வைத்து நீங்களே அளக்காதீங்க, அவர்களை அளந்து சொல்லச் சொல்லுங்க.

அடுத்தது காற்று. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் (மணிக்கு 180 கி.மீ.), கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வரும். 25 அடிக்கு 12 அடி கூரை என்றால் மொத்தம் நாலு டன்! தகர ஷீட்டின் எடையோ நூற்றுச் சொச்சம் கிலோதான். நாலு பக்கமும் திறந்த உயரமான ஷெட்டை அடியிலிருந்து காற்று தூக்கப் பார்க்கும். பழைய தரையில் நாலு போல்ட் அடித்துத் தூணை நிறுத்துவது மலிவுதான், ஆனால் பிடித்து வைக்காது. குழி வெட்டி, கான்கிரீட் அடித்தளம் போட்டு, தூண்களுக்கு இடையே குறுக்குக் கம்பி கொடுக்கச் சொல்லுங்க. கடலோர மாவட்டங்களில் ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்கிய பிறகே வெல்டிங் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பது நல்லது.

வீட்டைச் சுற்றி விதிப்படி காலியாக விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் ஷெட் வரும். அங்கே போடலாமா, அனுமதி வேண்டுமா என்பதை உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. புது வீடு கட்டுபவர்கள் வரைபடத்திலேயே ஷெட்டையும் காட்டிவிடலாம். கம்பிக்கு அருகே எந்தக் கட்டுமானம் வந்தாலும், தற்காலிகமானது என்றாலும்கூட, அளவு குறித்த வரைபடத்துடன் மின்வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கம்பியையோ கம்பத்தையோ இடம் மாற்ற பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், இடத்தைப் பார்த்து மதிப்பீடு தருவார்கள், அந்தத் தொகை உங்கள் பொறுப்பு. எந்தப் பிரிவு அலுவலகம் என்று தெரியாவிட்டால் மின்னகம் 94987 94987 எண்ணில் கேட்கலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்க.