உடைந்த ஊசிக்கு ஒரு பக்கம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷினின் ஊசி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் உடை போகும் ஆர்டர் என்றால் அது சின்ன விஷயமில்லை. டைலர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும், சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். அவற்றை ரிஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், டைலர் பெயர் எழுதிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் தைத்துக்கொண்டிருந்த உருப்படியோடு பக்கத்தில் கிடந்தவையும் தனியே ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். இத்தனையையும் ஒரே பக்கத்தில், ஐந்தாறு படங்களோடு அடக்கிவிடலாம். அந்தப் பக்கம் மெஷினுக்கு மேலே, டைலரின் கண் படும் இடத்தில், அவர் படிக்கும் மொழியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பணியிடப் பயிற்சிக் கையேடு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

இப்படிப்பட்ட கையேடுகளை இணையம் வழியாக விற்பது இப்போது ஒரு சிறு தொழில். விற்பனைக்கு வருபவை பாதுகாப்புப் போஸ்டர், புதிதாகச் சேருபவருக்கான அறிமுகப் பாடம், செக்லிஸ்ட், கேள்வித்தாள், கையெழுத்து வாங்கும் வருகைப் பதிவேடு, இரண்டு நிமிட வீடியோ போன்றவை. வாங்குபவர்கள் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி, சேஃப்டி ஆபீசர், சிறிய யூனிட்டாக இருந்தால் முதலாளியே. ஒரு லேப்டாப், ஒரு இணையதளம், யூ.பி.ஐ. கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். சரக்கு வைக்கக் குடோன் வேண்டாம், கெட்டுப்போகும் பொருளும் இல்லை. அதனால்தான் இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில் போகிறார்கள்: எங்கெங்கிருந்தோ திரட்டிய ஐந்நூறு பவர்பாயின்ட் ஃபைல்களைக் கட்டாகக் கட்டி, விலை 999 ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான். இந்தத் தொழிலில் தகவலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. தன் மெஷினுக்கும் தன் ஆட்களுக்கும் தன் மொழிக்கும் அந்தத் தகவலை அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதற்குத்தான் காசு.

தேவை இருக்கிறதா என்றால், சட்டமே அதை உண்டாக்கி வைத்திருக்கிறது. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று எழுதிச் சேர்த்தார்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும், அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், சட்டம் கேட்கும் பாடம் இன்னதென்று சொல்லும் ஆவணங்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம், பிரிட்டனின் உடல்நலப் பாதுகாப்பு நிர்வாகம், ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பு என்று எல்லோருமே கையேடுகளை இலவசமாக வெளியிடுகிறார்கள். இலவசமாகக் குவிந்து கிடப்பதை ஒருவர் 999 ரூபாய்க்கு விற்கிறார் என்றால், கூகுளில் தேடத் தெரியாதவரிடம்தான் விற்க முடியும். அந்தக் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

அளவெடுத்துத் தைப்பதுதான் வேலை என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து அனுபவசாலிகள் போர்முனைக்குப் போனார்கள். அவர்களுடைய இடத்துக்கு மெஷினையே பார்த்திராதவர்கள் வந்தார்கள். இவர்களை விரைவாகத் தயார்படுத்த 1940இல் அரசு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1945க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் அதில் தேறினார்கள். பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேரூன்றியதும் இதே முறைதான். அவ்வளவு பெரிய திட்டத்தில் ஒவ்வொரு மேற்பார்வையாளர் கையிலும் இருந்தது சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சிறிய அட்டை. ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்யச் சொல்லிப் பார், பிறகு அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள் என்ற நான்கு படிகளே அதன் சாரம். என்ன வேலை, எப்படிச் செய்வது என்ற விவரம் அட்டையில் கிடையாது. மேற்பார்வையாளர் தன் பிரிவின் வேலையைத் தானே துண்டு துண்டாகப் பிரித்து, எங்கே தப்பு வரும், எங்கே கை வெட்டுப்படும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பொதுவான பாதியை அரசு அச்சடித்துக் கொடுத்தது. மீதிப் பாதி அந்தந்தப் பட்டறையில்தான் உருவானது.

இன்னொரு சாட்சி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கான செக்லிஸ்ட் ஒன்றைக் கொண்டுவந்தது. 19 அம்சங்கள், ஒரே பக்கம். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அறுவை சிகிச்சை நோயாளிகளின் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளியானது. உலகமே அதைக் கொண்டாடியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் செக்லிஸ்டைப் புகுத்தின. ஆனால், 2014இல் வெளியான ஆய்வு, அங்கே சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை என்றது. இரண்டு முடிவுகளும் வேறுபட்டதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால், தாள் மட்டும் வேலை செய்யாது என்பது இதிலிருந்து தெளிவு. அந்தச் செக்லிஸ்டின் அடியிலேயே, உங்கள் இடத்துக்கு ஏற்றபடி சேர்த்தும் மாற்றியும் கொள்ளுங்கள் என்ற குறிப்பு இருக்கிறது. அதைப் படிக்காமல் மேலே உள்ள கட்டங்களில் டிக் மட்டும் அடித்தவர்கள் எத்தனை பேரோ.

தமிழில் வேலை செய்கிறவருக்கு இந்த அளவெடுப்பு மொழியிலேயே தொடங்கிவிடுகிறது. தீயணைப்பான் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் நான்கே வினைச்சொற்களில் சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘பாஸ்’ என்று வரும். தமிழில் அதையே பின்னை இழு, நெருப்பின் அடியைக் குறிபார், பிடியை அழுத்து, இடம் வலமாக வீசு என்று பெயர்த்தால் பொருள் சரியாக இருக்கும், ஆனால் மனப்பாட வித்தை போய்விடும். பல போஸ்டர்களில் தமிழ் வரிகளுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் நான்கும் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம், யாருக்கும் எதற்கென்று தெரியாமல். அதற்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்ட படங்கள் போதும். அப்புறம் நடை. ‘மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே பராமரிப்புப் பணியை மேற்கொள்ளவும்’ என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதான் கோளாறு. ‘மெயினை ஆஃப் பண்ணுங்க, பூட்டு போடுங்க, சாவிய உங்க பாக்கெட்ல வைங்க, அப்புறம் கை வைங்க’ என்றால் படிக்காமல் காதில் கேட்டாலே புரியும். போதாததற்கு, திருப்பூரிலும் கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஒரே பக்கம் தமிழ், இந்தி, ஒடியா, வங்கமொழி என்று நான்கு முகம் காட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய பயிற்சி மென்பொருள் இந்த இடத்துக்கு இறங்கி வருவது சிரமம். சிறு வியாபாரிக்கு உள்ள வாய்ப்பே அதுதான்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பத்துப் பக்கம் எழுதித் தருமே, இனி இந்தத் தொழில் எதற்கு என்று கேட்கலாம். எழுதித் தரும்தான். பொதுவான பாடத்தின் விலையை அது அனேகமாகப் பூஜ்யமாக்கிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 999 ரூபாய் கட்டுக்கு அது சாவுமணி. ஆனால், உங்கள் பாய்லர் அறையில் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எலெக்ட்ரிக் பேனலில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அந்த ஒரு ‘கூடாது’ மொழிபெயர்ப்பில் நழுவினால் உயிர் போகும். நழுவவில்லை என்று கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும். ஒவ்வொரு வரியையும் அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தேன் என்று சொல்லக்கூடியவர் விற்கும் பக்கத்துக்கும், மெஷின் துப்பிய பக்கத்துக்கும் விலை வேறு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது: கம்பெனிகளுக்குப் பயிற்சியே வேண்டாம், ஆடிட் வருகிறது என்றால் ஃபைலில் வைக்கக் கையெழுத்துப் போட்ட தாள் போதும், தரம் பார்த்து வாங்குபவர் யார்? முக்கால் உண்மை. இந்தத் தொழிலில் அவசர ஆர்டர்களுக்குக் காரணம் பெரும்பாலும் அடுத்த வாரம் வரவிருக்கும் ஆடிட்தான். ஆனால், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர் ஃபைலோடு நிற்பதில்லை. லைனுக்குப் போய், தானாக நாலு பேரைக் கூப்பிட்டு, தீ மணி அடித்தால் எந்த வழியாக வெளியே போவீர்கள், புகார் இருந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று தனியாகக் கேட்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பெண் திருதிருவென்று விழித்தால் அந்த ஃபைலே எதிர்ச்சாட்சி ஆகிவிடும். உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் தைக்கும் யூனிட்டுக்கு இந்த நெருக்கடி இல்லை. அங்கே நல்ல கையேடு விற்பது இன்றைக்கும் கஷ்டம்தான். தொடங்குகிறவர் அந்தப் பக்கம் முதலில் போகாமலிருப்பது நல்லது.

எனக்குக் கனமாகப் படுகிற எதிர்வாதம் வேறொன்று. ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவெடுத்துக்கொண்டிருந்தால் அது இணைய வியாபாரமே இல்லை. ஒருமுறை செய்து ஆயிரம் முறை விற்பதுதானே இதன் லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 999 ரூபாய்க்கு விற்று மாதம் 40,000 ரூபாய் பார்க்க வேண்டுமானால் 40 புதிய ஆட்கள் வேண்டும், அடுத்த மாதம் வேறு 40 பேர். ஒரே கட்டை யாரும் இரண்டு தடவை வாங்க மாட்டார்கள். விளம்பரச் செலவு தனி. அதே 40,000 ரூபாயை, மூன்று மொழியில் பத்துப் பக்கம் தயாரித்து 10,000 ரூபாய்க்குக் கொடுத்தால் நான்கு கம்பெனிகளிடம் பெற்றுவிடலாம். உடைந்த ஊசிப் பக்கத்தின் எலும்புக்கூடு எல்லா பனியன் கம்பெனிக்கும் ஒன்றுதான். மாறுவது மெஷின் படம், ரிஜிஸ்டர் இருக்கும் இடம், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பெயர், மொழி. அவற்றை வாங்குபவரே கேள்வித்தாளில் நிரப்பி, போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். இரண்டாவது கம்பெனிக்கு வேலை பாதி, பத்தாவது கம்பெனிக்கு அரைநாள். புது மெஷின் வந்தால், புது மாநிலத்து ஆட்கள் சேர்ந்தால், அதே கம்பெனி திரும்ப வரும். திருட்டு நகல் பற்றிய பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பி.டி.எஃப். ஃபைலுக்குப் பூட்டு போட்டால் பத்து நிமிடத்தில் உடைப்பார்கள். பக்கத்திலேயே கம்பெனி பெயரும் அவர்களுடைய மெஷினின் போட்டோவும் இருந்தால் அடுத்த கம்பெனி அதைத் திருடி என்ன செய்யும்?

பணம், சட்டம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் சேவை விற்பனை ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அச்சடித்த போஸ்டருக்கும் டிஜிட்டல் ஃபைலுக்கும் வரி ஒன்றாக இருக்காது என்பதால் கணக்கரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதியும் பிறகு வந்ததால், பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு இப்போது உத்யம் எண்ணைக் கேட்டு வாங்குகிறது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் விற்றுவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘வணிகத்துக்கு அல்ல’ என்று இருந்தால் விற்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளின் வாசகம் பதிப்புரிமை உள்ளது; அதை அப்படியே எடுத்துப் போட முடியாது, உங்கள் சொல்லில் விளக்கலாம்.

இதில் இறங்க நினைத்தால், இணையதளத்தின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன், தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி ஒரே ஒரு தொழிற்கூடத்தில் ஒரு முழு ஷிஃப்ட் நின்று பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய போஸ்டர் எந்த மொழியில் இருக்கிறது, யாராவது அதைத் திரும்பிப் பார்க்கிறார்களா, புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்து டைலரிடம் எதையெல்லாம் கேட்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் விற்க வேண்டிய முதல் பத்துப் பக்கங்களின் தலைப்பு அந்த நோட்டில் இருக்கும்.