‘ஒன் அவர்... ஓகே மேடம்!’

‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்!’ மாக் இன்டர்வியூவில் இந்த ஒரே கேள்விக்கு ‘பே’ன்னு முழிச்ச கோஷ்டியில் அடியேனும் ஒருத்தன். ஸ்கூலில் பன்னிரண்டு வருஷம், இன்ஜினீயரிங்கில் ரெண்டு வருஷம்... நாம இங்கிலீஷ் படிச்ச லட்சணம் இதுதான் பாஸ்!

அந்தக் கடுப்போடு மீனாட்சியம்மன் கோயில் பக்கம் நடந்தப்போதான் நம்ம டெய்லர் தாத்தாக்கள் ஞாபகம் வந்தது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கே, புதுமண்டபம்? பேருதான் ‘புது’. 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பிற்காலத்தில் அது பெரிய பஜார். சிலைகளுக்கு நடுவே வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை... கூடவே வரிசையாகத் தையல் மிஷின்கள்!

கோயில் கருவறைக்குள் மற்ற மதத்தினருக்கு அனுமதி கிடையாது. புதுமண்டபத்தில் அந்தத் தடை இல்லை. அதனால் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து, பிடித்த சட்டையைக் கொடுத்து, ‘இதே மாதிரி இன்னொன்று’ என்பார்கள். ‘சேம் சேம்... ஒன் அவர்... ஓகே மேடம்!’ அவ்வளவுதான், அச்சு அசலா ரெடி!

விஷயம் அதோடு முடியலை. துணி தைக்கிற வரைக்கும் அவங்க சும்மா இருப்பாங்களா? தூணைக் காட்டி ‘இது யாரு?’ன்னு கேட்பாங்க. மீனாட்சி கல்யாணம், நாயக்க மன்னர்கள்னு தெரிஞ்ச நாலு வார்த்தையில், மீதியைக் கையாலேயே விளக்கணும். டேப்பும் கத்திரியும் பிடிச்ச கை, கைடு வேலையும் பார்த்தது. கிராமர் புக் இல்லை, தப்பாகிடுமோங்கிற கூச்சமும் இல்லை. எதிரே ஆள் நிக்குது, பேசினாத்தான் சோறு! நமக்கு ‘டென்ஸ்’ தெரியும். டென்ஷனும் சேர்ந்தே வரும்.

2018 பிப்ரவரியில் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து. பழைய மண்டபங்களுக்குள் கடைகள் வேண்டாம் என்ற குரல் வலுத்தது. புதுமண்டபக் கடைகள் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாறின. சிற்பங்களுக்கு நல்லதுதான், மறுக்க முடியாது. ஆனா, சிலை பார்க்க வந்தவங்க அப்படியே கடைப்பக்கம் திரும்பின காலம் போச்சு. தாத்தாக்களுக்கு வகுப்பறையே அந்தக் கூட்டம்தானே!

இனி டூரிஸ்ட் கடையைத் தேடி வரணும்னா, மொபைல் மேப்பில் கடை பேர் இருக்கணும், ரிவ்யூவுக்குப் பதில் எழுதணும். காதால் கத்துக்கிட்ட இங்கிலீஷ் அங்கே உதவாது, எழுத்து வேணும். அது நம்மகிட்ட இருக்கு. அவங்ககிட்ட இருக்கிற தைரியம் நம்மகிட்ட இல்லை.

அப்புறம் என்ன ஃப்ரெண்ட்ஸ்? சனிக்கிழமை ஒரு மணி நேரம் குன்னத்தூர் சத்திரம் போவோம். நாம எழுதச் சொல்லித் தருவோம், தாத்தா பேசச் சொல்லித் தரட்டும். அப்படியே இன்டர்வியூ சட்டைக்கும் அளவு கொடுத்துடலாம்!