கணிப்பொறிப் புழுவும் அதன் மறுவரவும்

புதுடில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள முனிர்காவில் மாணவர் பலர் மாடியறைகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அத்தகைய அறையொன்றில் நால்வருக்கும் பொதுவாக ஒரு கணிப்பொறி இருப்பதாகக் கொள்க. அதில் புழு புகுந்துவிட்டது. ஒருவர் அரைநாள் உழைத்து அதனை நீக்கினார். மறுநாள் மற்றொருவர், கட்டுரையை அச்சிடுவதற்காக ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுசென்ற பென் டிரைவைத் திரும்பச் செருகினார். மாலைக்குள் புழு மீண்டும் வந்துவிட்டது. நீக்கிய முறையில் பிழையில்லை. அது வந்த வழி அடைபடவில்லை. வண்டு பிடித்த தானியத்தைப் புடைத்துத் தூய்மை செய்து, பழைய சாக்கிலேயே கொட்டிவைப்பது போன்றது இது. மதிப்பெண் பட்டியல்களையும் கள ஆய்வுக் குறிப்புகளையும் பென் டிரைவில் சுமந்து திரியும் ஆசிரியரும் களப்பணியாளரும் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

வைரஸ் என்பது வேறொரு கோப்பிலோ நிரலிலோ ஒட்டிக்கொண்டு பரவுவது. புழுவோ தனித்தியங்கும் நிரல். தன்னைத் தானே நகலெடுத்துப் பிற கணிப்பொறிகளுக்குச் செல்ல வல்லது. இதன் இயல்பை விளக்கக் கான்ஃபிக்கர் என்னும் புழுவைக் காட்டிலும் தக்க சான்றில்லை. விண்டோஸில் இருந்த ஒரு குறைபாட்டைச் சீர்செய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2008 அக்டோபர் 23-இல் வெளியிட்டது. அடுத்த மாதமே அக்குறைபாட்டின் வழியாகக் கான்ஃபிக்கர் பரவத் தொடங்கியது. அதற்குள் திருத்தத்தை நிறுவிக்கொண்டோரை அவ்வழி வந்த புழு தொடவில்லை. ஆனால் டிசம்பர் இறுதியில் தோன்றிய அதன் இரண்டாம் வகை மேலும் இரு வழிகளைக் கண்டது. ஒன்று, எளிய கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வலையமைப்பிலுள்ள பிற கணிப்பொறிகளில் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது. மற்றொன்று பென் டிரைவ். அதனைச் செருகியவுடன் தோன்றும் பெட்டியில் கோப்புறையின் படத்தையே காட்டி, 'கோப்புகளைப் பார்க்கத் திறக்கவும்' என்று பொருள்படும் வரியையும் அது எழுதிவைத்தது. அதனை அழுத்தியவர் கோப்புறையைத் திறக்கவில்லை, புழுவை இயக்கினார்.

உட்புகுந்தபின் அதன் முதல் வேலை, மருந்து வரும் வழியை அடைப்பது. விண்டோஸின் தானியங்கிப் புதுப்பித்தலை அது நிறுத்திவிடும்; வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்கள் திறவாதபடி செய்யும். இக்குணமே அதனைக் காட்டிக்கொடுக்கவும் உதவிற்று. 2009-இல் ஆய்வாளர்கள் கண் பரிசோதனை அட்டை போன்ற ஒரு பக்கத்தை அமைத்தனர். அதில் பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களிலிருந்து வரும் படங்கள் மட்டும் தெரியாமல், ஏனைய படங்கள் தெரிந்தால் தொற்று உண்டென ஊகிக்கலாம். பிற தளங்கள் யாவும் திறக்க, பாதுகாப்புத் தளங்கள் மட்டும் திறவாதிருப்பின் இன்றும் ஐயுறத்தக்கதே.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதற்கண் வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, வைஃபையையும் நிறுத்திவிட வேண்டும். நீக்கும் கருவியையும் வேண்டிய திருத்தங்களையும் தூய்மையான வேறொரு கணிப்பொறியில் பெறுதல் நலம். அவற்றை எடுத்துவர எழுதுதடுப்புள்ள பென் டிரைவோ குறுந்தகடோ வேண்டும். சாதாரணப் பென் டிரைவாயின் அதுவே அடுத்த தொற்றுக்கு வித்தாகிவிடும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் முழுமையாகத் தொடங்குமுன் சோதிக்கும் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' வசதி உண்டு. புழு விழித்துக்கொள்ளுமுன் அது தேடுவதால் பயன் மிகுதி. திருத்தங்களை நிறுவிய பின்னரே இணையத்தில் மீண்டும் இணைக்கலாம். கடவுச்சொற்களை மாற்றுவது கடைசி வேலை. தொற்றுள்ள கணிப்பொறியில் புதிய கடவுச்சொல்லை இடுவது அதனையும் பகைவனிடம் ஒப்படைப்பதாகும். முனிர்கா அறையில் இவ்வளவும் செய்தாலும், நால்வரின் பென் டிரைவ்களையும் அன்றே சோதிக்காவிடில் பயனில்லை.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இத்துறையில் இயங்கிவருகின்றது. அதன் கீழ் 2017 பிப்ரவரி 21-இல் தொடங்கப்பெற்ற 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா', தொற்று நீக்கும் கருவிகளை மக்களுக்கு இலவசமாக வழங்க ஏற்பட்டது. பென் டிரைவ் போன்றவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 'யூஎஸ்பி பிரதிரோத்' என்னும் மென்பொருளும் அவ்வேளையில் வெளியிடப்பெற்றது.

பென் டிரைவ் தானே இயங்கும் முறையைப் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் 2011-இல் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. எனினும் ஏமாற்று ஓயவில்லை. மெய்யான கோப்புகளை மறைத்து, அவற்றின் பெயரில் 'ஷார்ட்கட்' குறிகளை வைக்கும் புழுக்கள் பின்னர் பரவின. கோப்புகள் அழிந்தனவென்று பதறி, பென் டிரைவை ஃபார்மட் செய்து, ஓராண்டுக் குறிப்புகளைத் தாமே அழித்துக்கொள்வோர் உண்டு. பெரும்பாலும் அவை அழிவதில்லை. மறைந்துள்ள கோப்புகளையும் இயக்கமுறைமைக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால் புலப்படும். குறிகளைத் தொடாமல், சோதனைக்குப் பின் கோப்புகளை மீட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதனையே வைத்திருப்போர் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேரவேண்டும். அன்றேல் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறவேண்டும். அச்சிடும் கடைக்கென்று ஒரு பென் டிரைவைத் தனியே ஒதுக்கி, அச்சிடவேண்டிய ஒரு கோப்பை மட்டும் அதில் இட்டு அனுப்புவதே எளிது. அது திரும்பியதும், பார்க்கவேண்டியது எதுவும் அதில் இல்லையாதலால், சொந்தக் கணிப்பொறியில் அதனை உடனே செருகவேண்டிய தேவை எழாது.