கணிப்பொறியில் எளிய படக்காட்சி தயாரிக்கும் முறை

புதிய சாகுபடி முறையொன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக் கேட்பதைக் காட்டிலும், அம்முறையில் நட்ட வயலை ஒரு நிமிஷம் நேரிற் காண்பது மிகுந்த பயனளிக்கும் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், கூட்டத்திற்கு வரும் அனைவரையும் வயலுக்கு அழைத்துச் செல்வது எப்பொழுதும் இயலுவதன்று. நடவு நடக்கும் காலம் ஒன்று. கூட்டம் கூடும் காலம் வேறொன்று. இக்குறையை நீக்குவதற்குப் படக்காட்சி சிறந்த சாதனமாகும்.

முற்காலத்தில் கண்ணாடித் தகடுகளில் தீட்டிய சித்திரங்களை ‘மாஜிக் லாந்தர்’ என்னும் விளக்கின் உதவியால் வெண்திரையில் காட்டி வந்தனர். அதன் பின்னர் பிலிம் ஸ்லைடுகள் வழக்கத்திற்கு வந்தன. 1987-ஆம் ஆண்டில் ‘பவர்பாயிண்ட்’ என்னும் கணிப்பொறி நிரல் வெளிவந்தது. இப்பொழுது இவ்வேலை முழுவதையும் கணிப்பொறியிலேயே செய்துகொள்ளலாம். ‘லிபரே ஆபீஸ்’ தொகுப்பிலுள்ள ‘இம்ப்ரெஸ்’ என்னும் நிரல் விலையின்றிக் கிடைப்பது. அதுவும் இவ்வேலைக்குப் போதுமானதே. கிராம சபை, உழவர் குழுக் கூட்டம், பயிற்சி வகுப்பு முதலியவற்றில் பேச வேண்டிய பட்டாதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதனைக் கற்றுக்கொள்வது நலம்.

முதலிற் செய்ய வேண்டியது

கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர், வீடு திரும்பிய பின் தம் நிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அக்காகிதத்தில் ஒரே வாக்கியமாக எழுதுக. அவ்வாக்கியத்திற்கு உதவாத எதுவும் திரையில் வரலாகாது. இவ்விதி ஒன்றைக் கைக்கொண்டால் மற்றவை எளிதில் அமையும்.

திருந்திய நெல் சாகுபடியை உதாரணமாகக் கொள்வோம். ‘விதையும் தண்ணீரும் குறைவாகக் கொண்டு நெல் விளைவிக்கலாம், ஆயின் களையெடுப்பதில் காலந் தவறலாகாது’ என்பது நாம் சொல்ல விரும்பும் வாக்கியம். இதனை எட்டு ஸ்லைடுகளாகப் பின்வருமாறு வகுக்கலாம். திரையில் ஒரு தடவைக்குக் காட்டும் ஒரு பக்கத்திற்கே ஸ்லைடு என்று பெயர்.

1. தலைப்பு, ஊர், தேதி, பேசுபவர் பெயர்.
2. நம் ஊரின் குறை: வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வருதல், விதைச் செலவு.
3. விதையளவு: குறுகிய கால இரகத்திற்கு வழக்கமான நடவில் ஹெக்டேருக்கு 60 கிலோ, இம்முறையில் 7 முதல் 8 கிலோ.
4. நாற்று: 14 நாள் வயதுடைய நாற்றின் படம்.
5. நடவு: குத்துக்கு ஒரு நாற்று, 25 செண்டிமீட்டர் சதுரம், சதுர மீட்டருக்கு 16 குத்துக்கள்.
6. தண்ணீர்: மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்ட பின் 2.5 செண்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்சுதல்.
7. களை: நட்ட 10-ஆம் நாள் தொடங்கிப் பத்து நாட்களுக்கு ஒரு தடவை ‘கோனோவீடர்’ கருவியை ஓட்டுதல்.
8. இம்முறையிலுள்ள சிரமங்களும், விவரம் கேட்க வேண்டிய இடமும்.

கணிப்பொறியில் அமைத்தல்

நிரலைத் திறந்து, வெறுமையான புதிய காட்சி ஒன்றைத் தொடங்குக. முதல் ஸ்லைடில் இரண்டு கட்டங்கள் காணப்படும். மேற்கட்டத்தில் தலைப்பையும், கீழ்க்கட்டத்தில் ஊர், பெயர், தேதி ஆகியவற்றையும் எழுதலாம். ‘கண்ட்ரோல்’ விசையை அழுத்தியவாறே ‘எம்’ விசையைத் தட்டினால் அடுத்த ஸ்லைடு தோன்றும். இவ்வாறு எட்டு ஸ்லைடுகளையும் உண்டாக்கித் தலைப்புக்களை மட்டும் முதலில் எழுதிவிடுக. இடப்புறத்தில் ஸ்லைடுகள் சிறிய உருவில் வரிசையாகத் தெரியும். வரிசையை மாற்ற விரும்பினால், வேண்டிய ஸ்லைடை மௌஸினால் பிடித்து மேலோ கீழோ இழுத்து விடலாம். ‘கண்ட்ரோல்’ விசையுடன் ‘எஸ்’ விசையைத் தட்டினால் வேலை சேமிக்கப்படும். ஒவ்வொரு ஸ்லைடு முடிந்ததும் இதனைச் செய்வது அவசியம். மின்சாரம் தடைப்படின் சேமிக்காத வேலை வீணாகும்.

எழுத்து

தலைப்பிற்கு 40 புள்ளி அளவும், மற்ற வரிகளுக்கு 28 புள்ளி அளவும் ஏற்றவை. 24-க்குக் குறைந்த எழுத்தைப் பின்வரிசையிலுள்ள முதியவர்கள் வாசிக்க இயலாது. ஒரு ஸ்லைடில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் எழுதலாகாது. வரிகளும் சுருக்கமாயிருத்தல் நலம். வெண்ணிறப் பின்புலத்தில் கறுப்பு அல்லது கருநீல எழுத்தே தெளிவாகத் தெரியும். மஞ்சள், இளம்பச்சை ஆகிய நிறங்கள் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடும்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை உண்டு. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் தயாரித்த காட்சியை, அவ்வெழுத்துரு இல்லாத வேறு கணிப்பொறியில் திறந்தால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். ஆதலின் ‘யூனிகோடு’ முறையிலேயே எழுதுக. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதும் இம்முறையே. விண்டோஸ் கணிப்பொறிகளிலுள்ள ‘நிர்மலா’ எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. தட்டச்சுக்கு, 1999-ஆம் ஆண்டில் அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையைப் பழகிக்கொள்வது நீடித்த பயன் தரும்.

படங்கள்

பிற நாட்டு வயல்களின் அழகிய படங்களைக் காட்டிலும், நம் ஊர் வயலைக் கைப்பேசியில் எடுத்த படமே நம்பிக்கை அளிக்கும். கைப்பேசியைக் குறுக்குவாட்டில் பிடித்து, காலை வெயிலில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று படமெடுக்க வேண்டும். 25 செண்டிமீட்டர் இடைவெளியைக் காட்டும் படமாயின், இரண்டு குத்துக்களுக்கு இடையில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் அளவைப் பற்றிய சந்தேகம் எழாது.

படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றிய பின், ‘இன்ஸர்ட்’ என்னும் பகுதியைத் திறந்து ஸ்லைடில் சேர்க்கலாம். பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டின், படத்தின் மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும். பக்கவாட்டைப் பிடித்து இழுத்தால் நாற்றும் ஆளும் நீண்டோ தடித்தோ தோன்றும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படமே போதும். எழுத்துக்கள் பறந்து வருதல், படங்கள் சுழலுதல் முதலிய வேடிக்கைகளை அறவே விலக்குக. வேடிக்கையைக் கண்டவர் விஷயத்தை மறப்பர்.

எண்கள்

பல வரிசைகளுள்ள அட்டவணையைத் திரையிற் காட்டுவதாற் பயனில்லை. விதையளவைக் காட்ட இரண்டு தூண்கள் போதும். ஒன்று 60, மற்றொன்று 8. ‘இன்ஸர்ட்’ பகுதியிலேயே ‘சார்ட்’ என்னும் வரைபட வசதி உள்ளது. அதில் இவ்விரண்டு எண்களையும் கொடுத்தால் தூண்களைக் கணிப்பொறியே வரைந்து கொடுக்கும். ஏக்கர்க் கணக்கே கேட்போருக்குப் பழக்கமாதலின் அவ்வளவிலும் சொல்லுதல் நன்று. 60 கிலோ என்பது ஏக்கருக்குச் சுமார் 24 கிலோவும், 8 கிலோ என்பது சுமார் 3 கிலோவும் ஆகும்.

கூட்டத்தன்று கவனிக்க வேண்டியவை

காட்சியைக் கணிப்பொறியில் மட்டுமன்றி ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்க. ‘பிடிஎப்’ வடிவிலும் ஒரு பிரதி இருத்தல் நலம். எந்தக் கணிப்பொறியிலும் எழுத்து மாறாமல் திறக்க அது உதவும். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே சென்று புரொஜெக்டரை இணைத்துப் பார்க்க வேண்டும். புரொஜெக்டர் கிடைக்காத ஊரில், ‘எச்டிஎம்ஐ’ கம்பியின் மூலம் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டலாம். திரையில் ஒன்றும் தோன்றாவிடில், ‘விண்டோஸ்’ விசையுடன் ‘பி’ விசையைத் தட்டி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின் கடைசி வரிசைக்குச் சென்று எழுத்துத் தெரிகிறதா என்று தாமே பார்த்துக்கொள்வது உத்தமம்.

‘எப்5’ விசையைத் தட்டினால் காட்சி தொடங்கும். வலப்புற அம்பு விசை அடுத்த ஸ்லைடைக் காட்டும். யாரேனும் கேள்வி கேட்கும்பொழுது ‘பி’ விசையைத் தட்டினால் திரை கறுத்துவிடும். அனைவரும் பேசுபவரைக் கவனிப்பர். மறுபடியும் தட்டினால் படம் திரும்பத் தோன்றும். ‘எஸ்கேப்’ விசை காட்சியை முடிக்கும். திரையிலுள்ள வரிகளை அப்படியே படித்துக்கொண்டு போவது கூடாது. வரிகளைக் கூட்டத்தாரே வாசித்துக்கொள்வர். அவற்றின் காரணத்தையும் சொந்த அனுபவத்தையும் சொல்வதே பேசுபவரின் கடமை.

உண்மையே முக்கியம்

மேற்கூறிய எட்டாவது ஸ்லைடை விட்டுவிடலாகாது. இளநாற்றை ஒவ்வொன்றாக நடுவதற்குப் பழகிய ஆட்கள் வேண்டும்; நிலம் நன்கு சமன் செய்யப்பட்டிருக்க வேண்டும்; தண்ணீர் தேங்கும் பள்ள நிலத்திற்கு இம்முறை பொருந்தாது; களைக்கருவியைக் காலத்தில் ஓட்டாவிடில் களை மிஞ்சும். இவற்றை மறைத்துவிட்டு இலாபத்தை மட்டும் காட்டினால் அன்று கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் அதனை நம்பி நட்ட குடியானவருக்கு நேரும் நஷ்டம் ஒரு போகமாகும். அடுத்த கூட்டத்திற்கு அவர் வாரார், வந்தாலும் நம்பார். அயலூரில் கிடைத்த விளைச்சல் எண்ணை நம் ஊருக்கும் உரியதெனக் காட்டுவதும் தவறு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் முதலியவை அடங்கிய பட்டியல்களைத் திரையிற் காட்டலாகாது. திரையிற் கண்டதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வோர் பலர். அதனால் தீங்கு நேரக்கூடும். மொத்தத் தொகையையும் எண்ணிக்கையையும் காட்டினாற் போதும்.

நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திற்கு முன் இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கினால் எட்டு ஸ்லைடுகளைத் தயாரித்துவிடலாம். வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகளும் இதற்கு உதவுவர். தட்டச்சு அவர்களுடையதாயிருக்கலாம், சொல்லும் விஷயம் வயலில் உழைத்தவருடையதாயிருத்தல் வேண்டும்.